எங்கள் மடத்தின் ஆதீனத் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம்: வாக்களித்த ஒரு துறவியின் அனுபவம்

எங்கள் கத்தோலிக்கத் துறவு மடத்தின் ஆதீனத் தலைவர் (Abbot) 75 வயதை எட்டியதும் சபை விதிப்படி தமது பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். அது ஏற்கப்பட்ட நாளிலிருந்து புதியவர் பொறுப்பேற்றது வரை மடத்துக்குள் நடந்தவற்றை, வாக்களித்தவர்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். பங்குத் தந்தையையும் ஆயரையும் நன்கறிந்த நம் கத்தோலிக்க மக்களில் பலருக்கும், துறவிகளே கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர் திருச்சபைக்குள் இருக்கிறார் என்பது புதிய செய்தியாகவே இருக்கிறது. யார் யாருக்கு எத்தனை வாக்கு என்பது என்றைக்கும் வெளிவரக் கூடாத இரகசியம். மற்றவற்றை எழுத இப்போதைய தலைவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.

துறவு வாழ்க்கைக்கு நாங்கள் பின்பற்றும் விதி நூல், புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘ஒழுங்கு’. அதில் 73 அதிகாரங்கள் உண்டு. அவற்றுள் 2-ஆம், 64-ஆம் அதிகாரங்கள் ஆதீனத் தலைவரைப் பற்றியவை. மடத்தில் அவர் கிறிஸ்துவின் இடத்தில் இருக்கிறார் என்றும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் ஆன்மாவுக்காகவும் தீர்ப்பு நாளில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அன்றாடத்தில் அவருடைய வேலை எது என்று கேட்டால், விடியலுக்கு முந்தைய செபத்திலிருந்து இரவுச் செபம் வரை சகோதரர்களோடு நிற்பது, நோயாளியின் அறைக்குப் போவது, கூரை ஒழுகினால் பணத்துக்கு வழி பார்ப்பது, நிலப் பத்திரங்களையும் தணிக்கைக் கணக்கையும் கவனிப்பது, நவதுறவி (புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுபவர்) ஒருவர் வீட்டுக்குத் திரும்ப நினைக்கும்போது அவர் பேசுவதை முழுவதும் கேட்பது என்றுதான் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் ஸ்கூர்மோன் மடத்திலிருந்து 1955-இல் இந்தியா வந்த பிரான்சிஸ் ஆச்சாரியா, 1958-இல் கேரளத்தின் வாகமண் மலையில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கி, செபத்தோடு மாட்டுப் பண்ணையையும் வளர்த்தார். அந்த ஆசிரமம் 1998-இல், பெனடிக்டின் ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றும் டிராப்பிஸ்ட் துறவற சபையில் இணைந்த பிறகுதான், 86 வயதில், ஆதீனத் தலைவர் என்ற பட்டம் அவருக்கு வந்தது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளும் அந்தப் பணியைப் பட்டம் இல்லாமலே செய்தவர் அவர். 2002-இல் இறந்தார். தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் உணவறை வாசிப்பில் அவருடைய வாழ்க்கையைக் கேட்டது, எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும் என்று எனக்குக் காட்டியது.

விலகல் ஏற்கப்பட்ட அன்று மாலை, பழைய தலைவர் சாவிக்கொத்தையும் கணக்கேடுகளையும் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, சகோதரர்கள் தங்கும் வரிசையில் ஓர் அறைக்கு மாறிக்கொண்டார். தேர்தல் முடியும்வரை அன்றாட நிர்வாகத்தைத் துணைத் தலைவர் பார்த்தார். பெரிய முடிவு எதையும் அந்த இடைக்காலத்தில் எடுக்கவில்லை.

பிறகு, தேர்தலை நடத்தும் பொறுப்புடன் வேறொரு மடத்தின் ஆதீனத் தலைவர் வந்தார். எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, மடத்தின் நிலை என்ன, அடுத்த தலைவர் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று கேட்டார். அதன் பின் எல்லாரும் கூடிப் பேசும் அமர்வு நடந்தது. சகோதரர்கள் முன்மொழிந்த ஒவ்வொருவரும் அறையை விட்டு வெளியே போக, மற்றவர்கள் அவருடைய நிறைகுறைகளை வெளிப்படையாகப் பேசுவது எங்கள் வழக்கம். இந்த முழு நடைமுறையிலும் எனக்கு மிகக் கடினமாக இருந்ததும், மிகவும் பயன்பட்டதும் இந்த அமர்வுதான். பல ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டவரைப் பற்றி, ‘இவர் கோபத்தில் முடிவெடுக்கிறார்’ என்று எழுந்து நின்று சொல்வதற்கு அன்பும் வேண்டும், துணிவும் வேண்டும். வயதில் இளையவர் ஒருவர், நோயுற்ற மூத்தவர்களைக் கவனிக்கும் முறை சரியில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது அறை அமைதியானது. அதற்குப் பிறகு பேச்சின் திசையே மாறியது. பல நேரங்களில் இளையவருக்கே ஆண்டவர் நல்லதை வெளிப்படுத்துகிறார் என்று ஒழுங்கின் 3-ஆம் அதிகாரம் சொல்வதை அன்று நேரில் கண்டேன். தமக்காகவோ பிறருக்காகவோ வாக்குச் சேகரிப்பதை 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தடைசெய்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டால் இப்படி மனம் திறந்து பேசவே முடியாது என்பது என் கருத்து.

தேர்தல் நாளில் தூய ஆவியாருக்கான திருப்பலி முடிந்ததும், நித்திய வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுவதற்குமான துறவு வாக்குறுதி, கொடுத்தவர்கள் மட்டும் பேரவை அறைக்குள் போனோம், கதவு சாத்தப்பட்டது. 64-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. துருவை அளவுக்கு மீறிச் சுரண்டினால் பாத்திரமே உடைந்துவிடும் என்று தலைவரை எச்சரிக்கும் வரி அதில்தான் வருகிறது. வாக்குகளை எண்ணும் பணிக்கு என்னையும் இன்னொருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். இரகசியம் காப்பதாகவும் பணியை நேர்மையாகச் செய்வதாகவும் உறுதிமொழி கொடுத்தோம்.

படுக்கையை விட்டு எழ முடியாத சகோதரர் ஒருவரும் வாக்களிக்க உரிமை உள்ளவர். மடத்துக்குள் இருந்தும் நோயால் அவைக்கு வர முடியாதவரிடம் எண்ணுபவர்களே போய் எழுத்து வாக்கைப் பெற வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அவருடைய அறைக்குப் போய், அட்டையின் மேல் தாளை வைத்துப் பேனாவைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டோம். கை நடுக்கத்தால் ஒரே பெயரை எழுதி முடிக்க அவருக்கு நீண்ட நேரம் ஆனது. உதவட்டுமா என்று கேட்டபோது, ‘வேண்டாம் பிரதர், இது நானே எழுத வேண்டியது’ என்றார். மடித்துத் தந்த தாளை மூடிய பெட்டியில் போட்டு அவைக்குக் கொண்டுபோனோம்.

வந்த தாள்களின் எண்ணிக்கை வாக்காளர் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்தோம். பின்பு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரை உரக்க வாசித்தோம். நிபந்தனையோடு எழுதிய வாக்கு செல்லாது. பாதிக்கு மேற்பட்ட வாக்கு ஒருவருக்கு வந்தாக வேண்டும். அந்த எண்ணிக்கை எட்டப்பட்டதும் தலைமை வகித்தவர் எழுந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் ஏற்கிறீர்களா என்று கேட்டார். முடிவு சொல்ல எட்டு நாள் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் சிறிது நேரம் சிற்றாலயத்தில் இருந்துவிட்டு வந்து ஏற்றுக்கொண்டார். மேலிடத்து உறுதிப்பாடு கிடைத்ததும் விசுவாச அறிக்கை செய்தார், தாள்கள் எரிக்கப்பட்டன. பிறகு நாங்கள் ஒருவர் பின் ஒருவராக முழந்தாளிட்டு, அவருடைய கைகளுக்குள் எங்கள் கைகளை வைத்துக் கீழ்ப்படிதலைப் புதுப்பித்தோம். அவருக்கு வாக்களித்தவரும் அளிக்காதவரும் ஒரே சொற்களைத்தான் சொன்னோம். அவரை நவதுறவியாக இருந்தபோது பயிற்றுவித்த பழைய தலைவரும் வரிசையில் வந்து முழந்தாளிட்டார்.

ஆயர் வழங்கும் ஆசி சில வாரங்கள் கழித்து நடந்தது. இது குருத்துவத் திருநிலைப்பாடு அன்று, ஆசி மட்டுமே. ஆதீனத் தலைவர் இதனால் ஆயர் ஆகிவிடுவதில்லை. ஆயர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லி, புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படும்போது முகங்குப்புறக் கிடந்து, பின் எழுந்து ஒழுங்கு நூலையும் மோதிரத்தையும் கோலையும் பெற்றுக்கொண்டார். ஊர் மக்களும் அவருடைய உறவினர்களும் பெருந்திரளாக வந்திருந்தார்கள்.

துணைத் தலைவர், பொருளாளர், நவதுறவிகளின் பயிற்றுநர் ஆகியோரைத் தலைவரே நியமிக்க வேண்டும். அவர் அவசரப்படவில்லை, எல்லாரிடமும் மறுபடி ஒருமுறை பேசிவிட்டே பெயர்களை அறிவித்தார். நோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு, அந்த அமர்வில் தயங்கித் தயங்கிப் பேசிய இளைய சகோதரருக்கு வந்தது. பழைய தலைவர் தம் தங்கையைப் பார்க்க ஊருக்குப் போக விரும்பியபோது, மற்ற எல்லாரையும் போல அலுவலக வாசலில் நின்று புதியவரிடம் அனுமதி கேட்டுப் போய்வந்தார்.