பாட்டி வீட்டுக் கூரையும் வாஷிங்டன் பணமும்

2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "உங்களிடம் பெரிய வாளி ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். நானே எடுத்துக்கொண்டு போனேன். மாடி அறையில் ஏற்கெனவே மூன்று பாத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன: ஒரு சூப் பானை, ஒரு கேக் தட்டு, அவருடைய கணவர் மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோன ஐஸ் பெட்டி. கூரை மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோனது நான்காவது இடத்துக்கு.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரியை ஒட்டிய பழைய தொழில் நகரம் எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதப்போவதில் பாதி புலம்பல். நகராட்சி அலுவலகத்தில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள். பாட்டிக்கு அப்போது 78 வயது. நேரில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், இங்கே அதுதான் வழக்கம். வீட்டில் எங்களுக்குள் பேசும்போது 'பாட்டி'. அவர் இருப்பது 1924இல் கட்டிய மர வீடு. கணவர் போய் ஆறு வருடம். மாதம் 1,640 டாலர் சோஷியல் செக்யூரிட்டி பணம், அதாவது அரசு ஓய்வூதியம், வேறு வருமானம் கிடையாது. கூரை வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 14,200 டாலர் ஆகும் என்றார். பாட்டி சிரித்துக்கொண்டே அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நகராட்சி அலுவலகமான சிட்டி ஹாலில் வீட்டு மராமத்துக்கு உதவி தருகிறார்கள் என்று என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். போன் செய்தேன். காத்திருப்போர் பட்டியல் மூடியிருக்கிறது, பிப்ரவரியில் திறக்கும் என்றார்கள். அந்த மூன்று மாதத்தில்தான் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

சிடிபிஜி என்கிறார்கள். சமூக வளர்ச்சிக்கான மொத்த மானியம். 1974இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பு சேரி ஒழிப்புக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று என்று தனித்தனித் திட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நகரங்கள் தனியாக வாஷிங்டனிடம் கையேந்த வேண்டும். அதையெல்லாம் சேர்த்து ஒரே பையில் போட்டு, என்ன செய்வதென்று ஊரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பொதுவாக 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கு வீட்டுவசதித் துறையான 'ஹட்'டிடமிருந்து வருடாவருடம் நேராக வரும். ஒரு நிபந்தனை: குறைந்தது 70 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். குறைந்த வருமானம் என்றால் அந்த வட்டாரத்து இடைநிலை வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 80 சதவீதத்துக்குள். பாட்டி அந்தக் கோட்டுக்கு வெகு கீழே.

எந்த ஊருக்கு எவ்வளவு என்பதற்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. எதில் அதிகம் வருகிறதோ அதைக் கணக்கில் எடுப்பார்கள். 1977இல் சேர்த்த இரண்டாவது சூத்திரத்தில், 1940க்கு முன் கட்டிய வீடுகள் எத்தனை என்பதற்குப் பாதி எடை. வறுமைக்கு 30 சதவீதம், மக்கள்தொகை வளராமல் பின்தங்கியதற்கு 20. எங்களைப் போன்ற ஊர்களுக்கு இந்தக் கணக்குதான் கைகொடுக்கிறது. இதைப் படித்த அன்று இரவு ஜன்னல் வழியாகப் பாட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒழுகும் அந்த 1924 வீட்டையும் எண்ணித்தான் ஊருக்குப் பணம் தருகிறார்கள். அந்தப் பணம் திரும்பி அதே வீட்டுக் கூரைக்கு வந்து சேரப் பதினெட்டு மாதம் ஆகும் என்று அன்றைக்குத் தெரியாது.

பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டோம். பென்ஷன் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், சொத்து வரி ரசீது, வீட்டுக் காப்பீடு, வீட்டுப் பத்திரம். பாட்டி ஒரு பழைய ஷூ டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். 1981ஆம் வருடத்து ஃபிரிட்ஜ் வாரண்டி கூட அதில் இருந்தது. காப்பீட்டுப் பத்திரம் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தால், கூரை பழசாகிவிட்டது என்று கம்பெனி முந்தைய வருடமே ரத்து செய்திருக்கிறது. காப்பீடு இல்லாத வீட்டுக்கு உதவி தர முடியாது என்றது நகரம். கூரையைச் சரிசெய்யாத வீட்டுக்குக் காப்பீடு தர முடியாது என்றார்கள் காப்பீட்டுக்காரர்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை. நான்கு இடத்தில் கேட்டு, கூரைச் சேதத்தை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் தருகிறோம் என்று ஒரு கம்பெனி சம்மதித்தது. பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பு.

பத்திரத்தில் இன்னொரு சிக்கல். வீடு கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவர் இறந்த பிறகு கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பெயர் மாற்றவே இல்லை. இறப்புச் சான்றிதழோடு ஒரு பிரமாணப் பத்திரம் பதிவு செய்தால் போதும், பெரிய வேலை இல்லை. ஆனால் பாட்டி மூன்று வாரம் இழுத்தடித்தார். பயம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கணவர் பெயரை எடுத்துவிடுவதில் மனசு ஒப்பவில்லை. நான் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒருநாள் அவரே, "வண்டி எடு" என்றார்.

இதற்கிடையில் மார்ச்சில் பொது விசாரணைக் கூட்டம் நடந்தது. ஃபெடரல், அதாவது மத்திய அரசின், பணத்தை எதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்று நகரம் ஊர்க்காரர்களைக் கேட்டே ஆக வேண்டும். வரைவுத் திட்டத்தை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பெரிய ஹால். வந்திருந்தவர்கள் பதினோரு பேர், நானும் பாட்டியும் உட்பட. அதில் ஆறு பேர் உணவு வங்கி, இளைஞர் மன்றம், வீடற்றோர் காப்பகம் என்று ஏதோ ஒரு அமைப்பிலிருந்து வந்தவர்கள். சேவைகளுக்கு மொத்த மானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த 15 சதவீதத்துக்கு ஆறு பேரும் மோதிக்கொண்டது பார்க்கச் சங்கடமாக இருந்தது. எல்லாருமே உண்மையைத்தான் சொன்னார்கள்.

இந்தப் பணத்தில் புதிதாக அபார்ட்மென்ட் கட்டி ஏழைகளுக்குக் குறைந்த வாடகைக்கு விடலாமே என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். சிடிபிஜியில் பொதுவாகப் புது வீடு கட்ட முடியாது, அதற்கு 'ஹோம்' என்று 1990இல் வந்த வேறு திட்டம் இருக்கிறது என்றார் அதிகாரி. அதில் புதிதாகக் கட்டும் வாடகை வீடுகளை 20 வருடம் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கே விட வேண்டுமாம். கேட்டவர் தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே அன்றுதான் புரிந்தது.

நகர மன்றத்துக்குப் பிடித்தது வேறு: நடைபாதை. ஒரு பகுதியில் 51 சதவீதம் பேர் குறைந்த வருமானக்காரர்கள் என்றால், அங்கே போடும் நடைபாதை மொத்தமும் ஏழைகளுக்குப் பயன்பட்டதாகக் கணக்கு. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அதிகாரி விளக்கினார். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது ஹட் கணக்குப் பார்க்கும். அன்றைக்குச் செலவழிக்காமல் கையிலிருக்கும் பணம் ஒரு வருட மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நகரத்துக்குச் சிக்கல். நடைபாதை என்றால் ஒரே டெண்டர், ஒரே கோடைகாலம், பெரிய தொகை தீர்ந்துவிடும். இருபது வீடுகளைச் சரிசெய்வதென்றால் இருபது ஃபைல், இருபது ஷூ டப்பா. ஊருக்கு ஊர் கான்கிரீட் முந்திக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். யாரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல.

மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். பாட்டி எழுந்து பத்து நொடிதான் பேசினார். "நடைபாதை நல்லதுதான். ஆனால் மழை வந்தால் நான் நடைபாதையில் தூங்க முடியாது." உணவு வங்கிக்காரர் கைதட்டினார்.

ஆகஸ்டில் பாட்டி வீட்டு முன்னால் புது நடைபாதை போட்டார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். தெருமுனையில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு எல்லாம் வைத்து அழகாகப் போட்டார்கள். மாடியில் அப்போது ஐந்து பாத்திரம்.

அந்த மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். பொறுமை போய்விட்டது. கூரைக்காரருக்கு 500 டாலர் முன்பணம் என் கையிலிருந்து கொடுத்து ஆரம்பிக்கச் சொல்லலாம், நகரம் பிறகு கொடுக்கட்டும் என்று நினைத்தேன். நல்லவேளையாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டேன். அங்கிருந்த பெண்மணி பதறிவிட்டார். சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து எழுத்தில் அனுமதி வருவதற்கு முன் வேலையைத் தொட்டால், யார் பணமாக இருந்தாலும் சரி, அந்த வேலைக்கு ஃபெடரல் பணம் கிடைக்காமலே போய்விடலாம் என்றார். இதே வழியில் போகிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் கட்டினோம், அதோடு சரி.

ஒரு கூரைக்கு என்ன சுற்றுச்சூழல் ஆய்வு என்று கேட்கலாம். வெள்ளப் பகுதியா என்று பார்த்தார்கள். வீடு நூறு வயதை நெருங்குவதால், 1966ஆம் வருடத்து வரலாற்றுச் சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில அலுவலகத்துக்குப் படங்கள் போயின. பாட்டிக்கு இதில் ஏக பெருமை. "என் வீடு சின்னமா?" என்று இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்ததும் முகம் சற்று வாடியது.

அடுத்தது ஈயம். 1978க்கு முன் கட்டிய வீடென்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். செப்டம்பரில் ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு வந்து ஜன்னல் சட்டம், கதவு நிலை, மாடிப்படிக் கைப்பிடி என்று ஒவ்வொன்றிலும் அதை வைத்து அழுத்தினார். ஐந்தாறு விநாடி, எண் வரும், எழுதிக்கொள்வார். மாடி ஜன்னலில் எண் எகிறியது. பாட்டி முப்பது வருடமாக அந்த ஜன்னலைத் திறந்து மூடுகிறார். விளிம்பில் பெயிண்ட் உரசி உரசி மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. செலவு 5,000 டாலரிலிருந்து 25,000க்குள் என்றால் ஆபத்தான இடங்களைச் சரிசெய்து, தூசியைத் துடைத்துப் பரிசோதித்தால் போதும். 25,000ஐத் தாண்டினால் ஈயத்தை முழுவதுமாக நீக்கியாக வேண்டும், செலவு எங்கோ போய்விடும். கூரை, மழைநீர்க் குழாய், முன்வாசல் படி, ஈய வேலை எல்லாம் சேர்த்து 19,000 சொச்சம். ஜன்னல்களையும் மாற்றலாமே என்றேன். "அதைச் சேர்த்தால் கோட்டைத் தாண்டிவிடும், கூரையும் நின்றுவிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். விட்டுவிட்டோம். உதிர்ந்த இடத்தைச் சுரண்டிப் பூசினார்கள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாள்தான் பாட்டிக்குக் கடினமான நாள். இது இலவசம் இல்லை, வட்டியில்லாக் கடன். மாதத் தவணை கிடையாது. வீட்டின் பேரில் வில்லங்கம் பதிவாகும். எங்கள் ஊர்த் திட்டத்தில் ஐந்து வருடம் அதே வீட்டில் இருந்தால், வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்காகத் தள்ளுபடி ஆகிவிடும். இடையில் விற்றால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். "வீட்டை எடுத்துக்கொள்வார்களா?" என்று காரிலேயே நான்கு முறை கேட்டார். பத்திரத்தை அடகு வைத்தால் திரும்பி வராது என்று பயந்தே வாழ்ந்தவர் என் அம்மா. அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினேன். 83 வயதில் கடன் தீரும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "சரி, அதுவரை இருந்துவிடுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

2024 ஜனவரியில் டெண்டர். வந்தது ஒரே ஒருவர். ஈய வேலைக்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை முடிந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் பணம் கிடைக்கும், யார் வருவார்கள்? மறுபடி அறிவித்து, மார்ச்சில் மூன்று பேர் வந்தார்கள். மே மாதம் இரண்டரை நாளில் கூரை முடிந்தது. பதினெட்டு மாதக் காகிதம், இரண்டரை நாள் ஆணி. பழைய ஷிங்கிளை, அதாவது கூரை மேல் பதிக்கும் தகடுகளை, பிடுங்கியபோது கீழே இன்னும் இரண்டு அடுக்கு இருந்தது.

இந்தத் திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது வாஷிங்டனில் எழும். 2018 நிதியாண்டுக்கான டிரம்ப் பட்ஜெட்டில் சிடிபிஜிக்கும் ஹோமுக்கும் ஒரு காசு கூட ஒதுக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கேட்கவில்லை, பணம் தொடர்ந்தது. 2026 நிதியாண்டுக்கும் அதே யோசனையை வைத்தார்கள். வேகம் போதவில்லை என்று நான் எவ்வளவு திட்டினாலும், பாட்டியின் வருமானத்துக்கு இதை விட்டால் எங்களுக்கு வேறு கதவு எதுவும் திறக்கவில்லை.

திட்ட ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் நகரம் ஹட்டுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டும். செப்டம்பரில் அந்த அறிக்கையை நூலகத்தில் வைத்தார்கள். அதில் ஒரு வரி: சொந்த வீடு மராமத்து, 19 வீடுகள். பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த 19ஐப் பென்சிலால் வட்டமிட்டு, ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டினார். பக்கத்திலேயே காப்பீட்டுப் பிரீமிய பில்.

அப்புறம் திரும்பி, "ஜன்னலுக்குப் பட்டியல் எப்போது திறக்கிறார்கள்?" என்று கேட்டார்.