தொடரும்

"கதை முடிஞ்சதும் கேள்வி இருக்கா டீச்சர்?" என்று அந்தப் பையன் கேட்டபோது நான் புத்தகத்தை இன்னும் திறந்திருக்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, வீட்டுக்கு அருகில் உள்ள நூலகத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமைகள் சிறுவர்களுக்குத் தமிழ்க் கதை வாசித்து வருகிறேன். அவனுக்கு ஏழு வயது இருக்கலாம். கேள்வி எதுவும் இல்லை என்று சொன்னேன், அவன் நம்பவில்லை. கதை முடியும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு, பெயர்களை மனப்பாடம் செய்கிறவனைப் போல உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தான். ஆங்கிலக் கதை நேரத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை என்று அவனுடைய அம்மா பிறகு சொன்னார்.

மலருக்குக் கட்டுரை தரும்படி நம் பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது நம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், அந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றுகொண்டது. ஒரு மொழி எதற்குப் பயன்படும், அதில் யாருக்கு இடம் உண்டு என்பவற்றையெல்லாம் குழந்தை தன் முதல் சில புத்தகங்களிலிருந்தே தெரிந்துகொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நான் அதை நம் பள்ளியில்தான் கற்றேன்.

1961இல் நான் முதல் வகுப்பில் சேர்ந்தேன். அப்பாவுக்குச் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை. காலையில் சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் அம்மா எங்களை எழுப்புவார். ஒரு பக்கத்து வீட்டில் மலையாளம், மறு பக்கத்து வீட்டில் மலாய், கடைக்குப் போனால் சீனரோடு அரைகுறை மலாய் என்று எங்கள் நாள் ஓடியது. எங்கள் வாசகப் புத்தகத்தில் இருந்த உலகமோ ஏரி, வரப்பு, கமலை, களத்துமேடு என்று விரிந்தது. அதில் வந்த சிறுவன் கடைக்குப் போய் இரண்டணாவுக்கு வெல்லம் வாங்கினான். எங்கள் கையில் புழங்கியதோ காசும், டாலரை நாங்கள் அழைக்கும் வெள்ளியும். ஆங்கிலப் பாடத்தில் பனி பெய்தது, பிள்ளைகள் கணப்பருகே அமர்ந்தார்கள். எங்களில் ஒருவரும் இதைக் குறையாக எண்ணவில்லை. புத்தகம் என்றால் அது வேறோர் ஊரைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்காம் வகுப்பில் "எங்கள் வீடு" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் ஓலைக் கூரை வேய்ந்தேன், வாசலில் திண்ணை கட்டினேன், கொல்லையில் ஒரு பசுவையும் கட்டினேன். வகுப்பாசிரியர் என்னை மேசைக்கு அழைத்துத் தாழ்ந்த குரலில், "பசுவை எங்கம்மா கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இங்க இருக்கிறத எழுதினா அது கட்டுரை ஆகாதுன்னு உனக்கு யார் சொன்னா?" என்று அடுத்துக் கேட்டார். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லைதான். நான் அதுவரை படித்த ஒவ்வொரு பக்கமும் அதைத்தான் சொல்லியிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த வாரமே கையெழுத்து இதழ் தொடங்கியது. கோடு போட்ட நோட்டுத் தாள்களை நடுவில் மடித்து நூலால் தைத்து, பழுப்புத் தாளில் அட்டை போட்டோம். ஒரே நிபந்தனைதான்: கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும், கற்பனைக் கதை என்றாலும் அது இந்த ஊரில் நடக்க வேண்டும். நான் சம்பள நாள் மாலையில் தளத்தின் வாசலுக்கு வெளியே கூடும் பாசார் மாலாமைப் பற்றி எழுதினேன். கார்பைடு விளக்கின் நெடி, ரப்பர் செருப்புகளைக் குவித்து வைத்திருந்த சீனத் தாத்தா, அவரிடம் அப்பா மலாயில் பேரம் பேசியது எல்லாம் அதில் இருந்தன. ஆசிரியர் இரண்டு இடங்களில் ரகரத்தை றகரமாகத் திருத்தினார். "பாசார் மாலாம்" என்ற சொல்லை அவர் அடிக்கவில்லை. இரவுச் சந்தை என்று மாற்றி எழுதவும் இல்லை. அந்தச் சொல் தமிழ் எழுத்தில், அவருடைய சிவப்பு மை தொடாமல் நின்றதைப் பார்த்த மகிழ்ச்சியை இன்றும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. அதே இதழில் நம் வகுப்புத் தோழர் ஒருவர் தொடர்கதை எழுதிவந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பா மாதம் ஒருமுறை பேருந்து மாறி என்னை ஸ்டாம்ஃபர்ட் சாலை நூலகத்துக்கு அழைத்துப் போவார். 1960 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கும் ஓர் அலமாரி இருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு 375,000 வெள்ளி நன்கொடை அளித்த ரப்பர் வணிகர் லீ கோங் சியான், நூலகம் கட்டணமில்லாமல் இயங்க வேண்டும், உள்ளூர் மொழிகளின் நூல்களும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கட்டடம் 2004இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது இன்றும் என் நடை தானாக மெதுவாகிவிடுகிறது.

வீட்டில் அம்புலிமாமா வாங்குவோம். 1947இல் சென்னையில் தொடங்கிய அந்த இதழின் படங்களுக்காகவே நானும் அண்ணனும் சண்டை போட்டிருக்கிறோம். அந்த ஆசையில் இன்றும் எனக்குக் குறைவில்லை. ஆனால், அக்கதைகளின் ஊர்களில் ஏழை அந்தணனும் பேராசைக்கார வணிகனும் வெகுளியான குடியானவனும் பிறப்பாலேயே அப்படி ஆகியிருந்தார்கள். அரசகுமாரி பெரும்பாலும் யாராவது வந்து மணம் முடிக்கும்வரை காத்திருந்தாள். அதே வீட்டில் அப்பா தமிழ் முரசு படித்தார். சாதிப் பிரிவினையை எதிர்த்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய இதழ் அது. ஒரே மேசையில் இரண்டு தமிழ்ச் சமூகங்கள் கிடந்தன. பிள்ளைகளுக்கு எளிதில் கிடைத்ததோ பழைய சமூகம். புதியதைப் பெரியவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டார்கள். முரசின் மாணவர் மணிமன்றப் பக்கம் ஒன்றுதான் விதிவிலக்கு. நம் வகுப்பிலிருந்து அனுப்பிய சிறு கவிதை ஒன்று அதில் வெளிவந்த நாளில், "செம்பவாங்" என்று அச்சில் இருந்த இடத்தை நாங்கள் ஒவ்வொருவராக விரலால் தொட்டுப் பார்த்தோம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த 1965இல், அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். ஆசிரியப் பணிக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அதைப் படித்தேன். மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை எடுத்துப் பார்த்து, கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349தான் என்று அவர் காட்டியிருந்தார். படங்களில் இருப்பவர்கள் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்டதாகத் தொடங்குகிறது அக்கட்டுரை. பின்னர் 1990இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர், நூல்கள் பிள்ளைகளுக்குச் சன்னலாகவும் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்கின்றன என்று எழுதினார். படித்தபோது நம் நிலை சற்று வேறு என்று தோன்றியது. அம்புலிமாமாவின் கண்ணாடியில் என் முகச் சாயல் இருந்தது. நான் நின்றிருந்த வீடும் தெருவும் மட்டும் அதில் விழவில்லை.

இன்று அந்தக் குறை பெரிதும் தீர்ந்திருக்கிறது. இங்கே வெளிவரும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் அடுக்குமாடி வீடும் மின்தூக்கியும் உணவங்காடியும் வருகின்றன. நாயகி பெருவிரைவு ரயிலில் தனியாகப் பள்ளிக்குப் போகிறாள். கடைசிப் பக்கம்தான் மாறவில்லை. எத்தனையோ கதைகள் ஒரு பெரியவரின் அறிவுரையில் முடிகின்றன, அதற்கும் கீழே வினாக்கள் தொடர்கின்றன. நானும் இதில் பங்குள்ளவள். "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். ஆயினும், சிரிப்பதற்கும் பயப்படுவதற்கும் ஆங்கிலக் கதை, திருந்துவதற்குத் தமிழ்க் கதை என்று பிள்ளைகள் பிரித்துக்கொண்டதற்கு அந்தக் கரும்பலகையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 2010இல் 41.6 விழுக்காடாக இருந்து 2020இல் 59.2 விழுக்காடாக உயர்ந்துவிட்டனர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் முதன்முதலில் கண்டிக்கும் குரலாக அறிமுகமானால், அது தன் மொழி என்று அவன் எப்படி உணர்வான்?

உரையாடலும் ஒரு தடைதான். கதையில் வரும் ஐந்து வயதுத் தங்கை, "அண்ணா, நீ எங்கே செல்கிறாய்?" என்று கேட்டால் பிள்ளைகளின் கண் உடனே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. "எங்கண்ணா போற?" என்று வாசித்தால் திரும்பி வருகிறது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வேண்டும் என்று 2005இலேயே பாடத்திட்டச் சீராய்வுக் குழு பரிந்துரைத்தது. புத்தகங்கள் அந்த வழியில் இன்னும் துணிந்து வரலாம்.

சென்ற மாதம், நம் கையெழுத்து இதழில் என்னிடம் எஞ்சியுள்ள ஒரே பிரதியை நூலகத்துக்கு எடுத்துப் போனேன். அது மூன்றாவது இதழ். நூல் இற்று, தாள் தனித்தனியாக வருகிறது. அதில் உள்ள தொடர்கதைப் பகுதியை வாசித்தேன். பாசார் மாலாமில் ஒரு சிறுவன் தன் தம்பியின் கையை விட்டுவிடுகிறான். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. செருப்புக் கடைத் தாத்தா சாக்கை மூடப்போகிறார். அதற்குள்ளிருந்து ஏதோ சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், கீழே "தொடரும்" என்று எழுதியிருக்கிறது.

"சாக்குல யாரு, தம்பியா?" என்று அந்தப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். எனக்கு நினைவில்லை என்றேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் வாசலிலேயே என்னை மறித்து அதையே கேட்டான்.

நான்காவது இதழ் உங்களில் யாருடைய வீட்டிலாவது பழைய பெட்டியில் இருக்கக்கூடும். இருந்தால் சங்கச் செயலாளர் வழியாக எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். படி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன். இதழ் கிடைக்காவிட்டாலும், கதையை எழுதிய தோழர் இந்த மலரைப் படிக்க நேர்ந்தால், சாக்குக்குள் இருந்தது யார் என்பதையாவது எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த கதை நேரம் மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு.