அட்டுப் பவளத்திட்டு நாட்குறிப்பு, 2024

ஜனவரி 14
சீனப் பயணம் முடிந்து நேற்றுத் திரும்பிய மாலத்தீவு அதிபர் முய்சு, நாங்கள் சிறிய நாடாக இருக்கலாம், அதற்காக எங்களை மிரட்டும் உரிமை யாருக்கும் இல்லை என்றார். இன்று, மார்ச் 15க்குள் இந்தியப் படையினர் வெளியேற வேண்டும் என்று கெடு. செவிலியர் விடுதியில் சாப்பிடும்போது இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என் பணி அனுமதிக் கோப்பு தலைநகர் மாலேயில் இருக்கிறது.

ஜனவரி 19
பதில் இல்லை.

பிப்ரவரி 5
அதிபர் உரையாற்ற வந்தபோது 87 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்துக்கு 56 உறுப்பினர்கள் வரவே இல்லை. ஒரு தளத்திலிருந்து மார்ச் 10க்குள்ளும் மற்ற இரண்டிலிருந்து மே 10க்குள்ளும் படையினர் போய்விடுவார்களாம். மூன்று தளங்களிலும் சேர்த்துத் தொண்ணூறு பேர்கூட இல்லை. எனக்கு அவர்களைப் பற்றிய கவலையைவிடக் இங்கே கான் தீவில் அவர்கள் இயக்கும் ஹெலிகாப்டரைப் பற்றிய கவலைதான் பெரிது: வடக்கே ஹுவது பவளத்திட்டில் நள்ளிரவில் ஒரு பிரசவம் சிக்கலானால், காற்று வீசும் கடலில் படகிலா கொண்டுவருவது? ‘இந்தியா அவுட்’ என்று அச்சிட்ட சட்டையோடு தாயை அழைத்து வந்த ஒருவர், ஊசி போட்டு முடிக்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார், எனக்கு நன்றியும் சொன்னார். அதில் முரண் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படை முகாமிட்டிருந்த ஊர் இது. அந்நியச் சீருடையை நெடுநாள் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஓர் அலுப்பு இருக்கத்தான் செய்யும்.

மார்ச் 12
அட்டுவிலிருந்து படையினர் போய்விட்டார்கள். ஹெலிகாப்டர் இருக்கிறது, அதை இயக்க இந்தியாவிலிருந்தே சீருடையில்லாத குழு வந்திருக்கிறது. நோன்பும் தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 6
இந்தியா இந்த ஆண்டுக்கு மாலத்தீவுக்கென ஒதுக்கியிருப்பது 42.75 கோடி முட்டை, 35,749 டன் வெங்காயம், ஆற்று மணலும் சரளைக் கல்லும் தலா 10 லட்சம் டன். 1981இல் ஏற்பட்ட ஏற்பாட்டின்கீழ் இதுவரை இவ்வளவு கொடுத்ததில்லையாம். சொந்த நாட்டில் வெங்காய ஏற்றுமதிக்கே தடை இருக்கும் நேரத்தில் இது. மேடையில் ஒரு பேச்சு, துறைமுகத்தில் வேறொரு கணக்கு. இதைக் கபடம் என்று சொல்லமாட்டேன்; நெல் விளையாத பவள மணலில் வாழ்பவர்கள் அயலாரோடு வேறெப்படிப் பிழைப்பது? கடையில் வெங்காயம் மெலிந்து, முளைவிட்டுக் கிடந்தது. வாங்கினேன்.

ஏப்ரல் 9
மாலேக்குத் தொலைபேசியில் கேட்டேன். பெருநாள் முடியட்டும் என்றார்கள்.

ஏப்ரல் 22
நேற்றைய நாடாளுமன்றத் தேர்தலில் அதிபரின் கட்சிக்கு, இப்போது 93ஆக உயர்ந்திருக்கும் இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பெண்கள் 41 பேர் நின்று மூவர்தான் வென்றார்கள். எங்கள் பகுதியில் வாக்குச்சாவடி வரிசையில் நின்றவர்களிலோ பெண்களே அதிகம். 2022 கணக்கெடுப்பின்படி மாலத்தீவில் இருக்கும் 5,15,132 பேரில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர். எங்கள் வார்டைத் துடைக்கும் வங்கதேசத்துப் பையன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை பார்த்திருக்கிறான். அவனிடம் செல்லுபடியாகும் அனுமதி இல்லை. அட்டை கேட்பார்களோ என்ற பயத்தில் மருத்துவமனைக்குள்ளேயே இருந்துகொண்டு மருத்துவரிடம் போகவில்லை. இவனைப் பற்றி எந்த வேட்பாளரும் பேசிக் கேட்டதில்லை.

ஏப்ரல் 30
ஊருக்குப் பணம் அனுப்ப டாலர் கிடைக்கவில்லை. வங்கியில் ஒரு டாலருக்கு 15.42 ரூபியா என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வெளியே கேட்ட விலைக்கு வாங்க மனம் வரவில்லை.

மே 10
கடைசிப் படையினரும் கிளம்பியாயிற்று. மாலத்தீவு வெளியுறவு அமைச்சர் நேற்று டெல்லியில் இருந்தார்.

மே 13
மாலத்தீவு திருப்பித் தர வேண்டிய 5 கோடி டாலருக்கு இந்தியா மேலும் ஓராண்டு தவணை கொடுத்திருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு மாதம் மட்டும் நீட்டிப்பு.