ஹார்ட்விக் ஹால்: புகைபோக்கி உள்ளே போனதும் ஜன்னல் வந்தது

பிப்ரவரி 3

'சுவரை விடக் கண்ணாடி அதிகம்' என்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இந்த மாளிகையைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. அதனால் எல்லாரும் ஜன்னலை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். தரைப்படத்தில் முதலில் பார்க்க வேண்டியவை உட்சுவர்கள். கட்டடம் நீள்சதுரம். முன்னும் பின்னும் இரண்டிரண்டு கோபுரங்கள், இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. கணப்பை வெளிச்சுவரில் வைத்தால் அந்த இடத்தில் ஜன்னல் வராது. இங்கே புகைபோக்கிகளை உட்சுவர்களுக்குள் ஏற்றிவிட்டார்கள். தடித்த அந்தச் சுவர்களே கட்டடத்துக்கு முதுகெலும்பு. வெளிச்சுவரைத் தாராளமாகத் திறக்க முடிந்தது இதனால்தான்.

பிப்ரவரி 9

வேலை தொடங்கியது 1590இல். கட்டியவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், ஊர் வழக்கில் பெஸ். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது பொதுவான முடிவு. லாங்லீட் மாளிகையில் கல்தச்சராக இருந்து, வுல்லட்டன் மாளிகையை உருவாக்கியவர் அவர். 1597இல் பெஸ் குடியேறினார்.

மணற்கல் வீட்டுக்குக் கீழே இருக்கும் சரிவிலேயே வெட்டப்பட்டது. கண்ணாடி அவருடைய சொந்தப் பட்டறையிலிருந்து வந்தது. வெளியே வாங்கியிருந்தால் எவ்வளவு பணக்காரியானாலும் இத்தனை ஜன்னல் வைக்க யோசித்திருப்பார். செதுக்குக்கல் வேலையில் பெரும்பகுதி ஜான் ரோட்ஸ், கிறிஸ்டோபர் ரோட்ஸ் சகோதரர்களுடையது. நாள் கூலி இல்லை, வேலை அளவுக்குக் கூலி.

பிப்ரவரி 17

மேலே போகப் போகத் தளத்தின் உயரம் கூடுகிறது. கீழ்த்தளம் வேலைக்காரர்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, உச்சித்தளம் அரசமுறை விருந்தாளிகளுக்கு. வெளியிலிருந்து ஜன்னல் உயரத்தைப் பார்த்தே உள்ளே யாருக்கு என்ன மரியாதை என்று சொல்லிவிடலாம். அதுவரை மற்ற வீடுகளில் நடுக்கூடம் முகப்புக்கு இணையாகக் கிடக்கும். இங்கே அது வாசலிலிருந்து வீட்டைக் குறுக்கே ஊடுருவுகிறது. வாசல் நடுவில் அமைந்து, முகப்பு இருபுறமும் ஒத்துப்போனது இந்தத் திருப்பத்தால். கல் படிக்கட்டு வளைந்து வளைந்து உச்சித்தளப் பேரறைக்கு ஏறுகிறது. கிழக்குப் பக்கம் முழுக்க நீண்ட காட்சிக்கூடம், சுமார் 50 மீட்டர்.

மார்ச் 1

முகப்பின் சமச்சீருக்காகச் செய்த கள்ளத்தனங்கள் இன்று. சில ஜன்னல்களுக்குப் பின்னால் அறையே கிடையாது, சுவர்தான். வேறு சில வெளியே ஒரே ஜன்னல், உள்ளே இரண்டு தளங்களுக்குப் பொது. அளந்து படம் வரைபவர்கள் வெளி முகப்பை வைத்துத் தள மட்டத்தை ஊகிக்கக் கூடாது. உள்ளேயும் தனியாக அளந்து, இரண்டையும் ஒரே மட்டக்கோட்டில் பொருத்த வேண்டும்.

மார்ச் 8

இப்படிப்பட்ட ஜன்னல் எப்படிக் கெடுகிறது? சிறு கண்ணாடிச் சில்லுகளை ஈயப் பட்டைகள் பிடித்திருக்கின்றன. அந்தத் தட்டியைக் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பிகளில் செம்புக் கம்பியால் கட்டுவார்கள். செம்புக் கட்டு அறுந்தால் காற்றில் தட்டி உப்பி, ஈயம் தளர்ந்து, மழை உள்ளே வரும். அதை விட மோசம் இரும்பின் நுனி. கல்லுக்குள் பதிந்த இடத்தில் துருப்பிடித்துப் பருத்து, ஜன்னலின் கல் தண்டையே பிளந்துவிடும். வெடிப்பை மட்டும் பூசினால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். கம்பியை எடுத்து, துருப்பிடிக்காத உலோக நுனி சேர்த்து, பிறகுதான் கல்லை ஒட்டுப்போட வேண்டும். இணைப்புக்குச் சுண்ணாம்புச் சாந்து. சிமென்ட் வைத்தால் ஈரம் சாந்து வழியே வெளியேறாமல் மணற்கல்லுக்குள் தேங்கி, கல்லின் முகம் பொரிந்து உதிரும்.

மார்ச் 15

இவ்வளவு கண்ணாடி என்றால் குளிர். 1601ஆம் ஆண்டு இருப்புப் பட்டியலில் பெஸ்ஸின் படுக்கையறைப் பதிவில் ஜன்னலுக்கும் கதவுக்கும் முன்னால் தொங்கவிடத் தடித்த போர்வைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல்.

மார்ச் 29

காட்சிக்கூடத்தில் தொங்கும், பைபிளின் கிதியோன் கதையைச் சொல்லும் நெய்த சித்திரத்திரைகள் 13. 1578இல் எலிசபெத் அரசியின் அரசவையைச் சேர்ந்த சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்தவை. ஹாட்டன் இறந்த பிறகு 1592இல் பெஸ் 326 பவுண்ட் 15 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வாங்கினார். ஹாட்டனின் குலச்சின்னத்தை மாற்றும் செலவுக்காக 5 பவுண்ட் கழிவு! ஹாட்டனின் பெண்மான்களுக்குக் கொம்பு வரைந்து தன் கேவண்டிஷ் குடும்பச் சின்னமான ஆண்மானாக்கினார். சிக்கனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

துணியைத் தின்பது வெளிச்சம். பழந்துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அளவு) என்பது வழக்கமான வரம்பு, புற ஊதா தனியாக வடிகட்டப்பட வேண்டும். அதனால் வெளிச்சத்துக்காகவே கட்டிய வீட்டில் ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டு மங்கலில் நிற்கிறோம். பிடிக்காவிட்டாலும் வேறு வழி தெரியவில்லை. 13 திரைகளையும் தூசு உறிஞ்சி, பெல்ஜியத்தில் ஈரமுறையில் கழுவி, பலவீனமான இடங்களுக்குப் பின்துணி வைத்துத் தைத்துப் பழுதுபார்த்த வேலைக்கு 24 ஆண்டுகள் பிடித்தன. முடிந்தது 2023இல்.

ஏப்ரல் 6

கேவண்டிஷ் குடும்பத்தின் முதன்மை வீடாக அவர்களுடைய இன்னொரு மாளிகையான சாட்ஸ்வர்த் மாறியதால் ஹார்ட்விக்கை யாரும் நாகரிகப்படுத்தவில்லை. சாட்ஸ்வர்த்தை இடித்து இடித்துக் கட்டினார்கள், இது தப்பித்தது. 1950இல் அந்தக் குடும்பத்தின் தலைவரான பத்தாம் டெவன்ஷயர் டியூக் இறந்தபோது விழுந்த வாரிசு வரிக்காக இந்த வீடு அரசுக்குப் போய், 1959இல் பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது.

பக்கத்திலேயே பெஸ்ஸின் பழைய ஹால், கூரையில்லாமல் நிற்கிறது. காரைக் கலைஞர் ஆப்ரகாம் ஸ்மித்தின் காரைச் சிற்பங்கள் அங்கே கணப்புகளுக்கு மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதிய ஹாலின் பேரறையில் அவர் கையால் ஆன வண்ணக் காரைப் பட்டியோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: இங்கே வண்ணம் தெரியும், அங்கே கூரை போன காரை எந்த இடத்தில் முதலில் கழன்றது என்பது தெரியும்.