பையாவின் ஃபோனில் ஓடிய திருப்பூர்

2023 மார்ச் 2, வியாழக்கிழமை. ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் ஓட்டு எண்ணிக்கை நாள். திருப்பூரில் எங்கள் பவர்டேபிளில், அதாவது சின்னத் தையல் ஷெட்டில், நூல்கோன் பெட்டி மேல் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் ஃபோனில் காலையிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சுற்று, எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று செக்கிங் அக்காமார் வேலை பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம். கல்லூரி விட்டு வந்து, பண்டல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்கால டீ வந்தபோதுதான் கவனித்தேன். ஃப்ளாட்லாக் தையல் மிஷினில் உட்காரும் பையா (இந்தியில் அண்ணன், அப்படித்தான் கூப்பிடுவோம்) டம்ளரைத் தொடவே இல்லை. பீகாரில் தர்பங்கா பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்களிடம் அப்போதே ஆறு வருடம். தமிழ் பேசினால் எங்கள் ஊர்த் தமிழ்தான் வரும், கடைசியில் 'ங்' உட்பட. "வீட்டுல அழுவறாங்க தம்பி" என்று ஃபோனை நீட்டினார். ஒருவரைப் பலபேர் சேர்ந்து வெட்டும் வீடியோ. மேலே இந்தியில் ஏதோ எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் இந்தி பேசினால் வெட்டுகிறார்கள், திருப்பூரில் பலபேர் செத்துவிட்டார்கள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அது மாதிரி பத்துப் பன்னிரண்டு வீடியோ வரிசையாக இருந்தன. எல்லாம் ஊரிலிருந்து வந்தவை. "திருப்பூர்ல இருந்துட்டு எனக்கே தெரியலீங்களே, நெசமா நடக்குதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஃபோனில் அப்படி ஒரு செய்தியே இல்லை. ஒரே ஷெட், ஒரே வைஃபை, இரண்டு அடி தள்ளி இரண்டு ஃபோன். ஒன்றில் ஓட்டு எண்ணிக்கை, இன்னொன்றில் கொலைக்களம். இரண்டிலும் ஊர்ப் பெயர் கொங்கு நாட்டு ஊர்ப் பெயர். கம்ப்யூட்டர் படிக்க வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் எது என்று யாராவது கேட்டால், வகுப்பில் நடத்தியதைச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு ஃபோனைத்தான் சொல்வேன்.

அதற்குள் பையாவின் அம்மா வீடியோ காலில் வந்துவிட்டார். அவர்கள் ஊர் மொழியான மைதிலியில் பேசுகிறார், அழுகிறார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பையா ஃபோனைச் சுற்றிக் காட்டினார். மிஷின்கள், எங்கள் அம்மா, தட்டில் இருந்த வர்க்கி. அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம். "வெளிய காட்டுன்னு சொல்றாங்க" என்றார் பையா. சரி என்று நாங்கள் மூன்று பேரும் ரோட்டுக்கு வந்தோம். மளிகைக்கடை, டீக்கடை, பள்ளிக்கூட வேன், ஷிப்ட் விட்டு சைக்கிளில் போகிறவர்கள். எங்கள் அம்மா கேமரா முன்னால் வந்து, "நானும் ஒரு தாயிங்க, உங்க பையனுக்கு ஒண்ணும் ஆக உட மாட்டமுங்க" என்று தமிழிலேயே சொன்னார். பையா அதை மொழிபெயர்க்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அன்று டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு, பரவிய வீடியோக்களில் இரண்டைப் பற்றி விளக்கம் கொடுத்தார். இரண்டும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் முன்பு எடுக்கப்பட்டவை. ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. உண்மை கண்டறிபவர்கள் தேடியதில், இன்னொரு வீடியோ ராஜஸ்தான் ஜோத்பூரில் அதே பிப்ரவரியில் நடந்த ஒரு கொலை என்று தெரிந்தது. மாவட்ட நிர்வாகம் உதவி எண்கள் அறிவித்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. மார்ச் 8 ஹோலி. வருடா வருடம் அந்த வாரத்தில் ஊருக்குப் போகிற கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஸ்டேஷனில் நின்ற அந்தக் கூட்டத்தையும் 'தப்பி ஓடுகிறார்கள்' என்று படம்பிடித்துப் போட்டார்கள். பயந்து போனவர்களும் அதில் இருந்தார்கள் என்பது உண்மைதான். பயந்தவர் யார், பண்டிகைக்குப் போகிறவர் யார் என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரிக் கடைசியில், திருப்பூரில் எடுத்த ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து நம் ஆட்களைத் துரத்துகிற மாதிரி. டீக்கடைப் பக்கம் தொடங்கிய ஒரு தகராறு அது, நடந்து பல நாள் ஆகிவிட்டது என்று போலீஸ் பிறகு விளக்கியது. அந்த வீடியோவை என் வகுப்பு க்ரூப்பில் போட்டவன் நான். எனக்கு அனுப்பியவர் பெரியப்பா. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் இரண்டு பேப்பர் படிப்பவர். பையா மூன்று மிஷின் தள்ளி உட்கார்ந்திருக்கிறார், நான் அதை அனுப்பிவிட்டு அவரோடு சேர்ந்து டீ குடித்திருக்கிறேன். மார்ச்சில் அவர் அம்மா அழுததைப் பார்த்த பிறகுதான் ஜனவரியில் நான் செய்தது என்ன என்று உறைத்தது. அதனால்தான் 'படிக்காத ஜனங்கள் வாட்ஸ்அப்பை நம்பிக் கெட்டுப்போகிறார்கள்' என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை. படித்த இரண்டு பேர் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் அது வந்தது.

அப்புறம் இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2017இலிருந்து ஃபேஸ்புக்கில் ஒரு பதிவுக்கு யாராவது கோப முகம் போட்டால், அதை ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்காகக் கணக்கில் எடுத்து, அந்தப் பதிவை இன்னும் நிறையப் பேருக்குக் காட்டியிருக்கிறார்கள். 2021இல் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது இது தெரிந்தது. கோபப்படுத்துகிற பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, 2020 செப்டம்பரில்தான் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றுகிற வேலை அது. என்னைப் போல ஒரு மாணவன்கூட ஒரு நிமிடத்தில் செய்துவிடுவான். மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்படுகிற வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதேதான். மனிதர்கள்தான் அனுப்புகிறார்கள், என்னைப் போன்றவர்கள்.

வாட்ஸ்அப் கதை கொஞ்சம் வேறு. அங்கே செய்தியை வரிசைப்படுத்தி ஊட்டுகிற கணக்கு இல்லை. உள்ளே என்ன போகிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது, பூட்டித்தான் போகிறது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் இந்தியாவில் பல இடங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றார்கள், நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் நடந்தது. அப்போது சுற்றிய ஒரு வீடியோ பாகிஸ்தானில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம், கடைசியில் வருகிற விளக்கத்தை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறியதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். பல கை மாறியதன் மேல் தெரிகிற அந்த இரட்டை அம்புக்குறி அதற்குத்தான். ஆனால் வீடியோவை கேலரியில் சேமித்து அங்கிருந்து புதிதாக அனுப்பினால் அம்பு போய்விடும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எங்கே, எப்போது எடுத்தது என்று ஃபோன் அந்த வீடியோவோடு சேர்த்து வைத்த தகவலும் அனுப்பும்போது உதிர்ந்துவிடும். பையாவின் ஃபோனில் இருந்ததில் பாதிக்கு அம்புக்குறி இல்லை. சொந்தக்காரர் தானே எடுத்து அனுப்பியது மாதிரி இருந்தது.

இனி டிவி. 'சமூக வலைதளங்களில் வேகமாகப் பரவி வரும் வீடியோ' என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். இந்த ஒரு வரிமேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்று மூன்று கேள்வி கேட்பது நிருபர் வேலை. அதற்குப் பதிலாக, பரவுகிறது என்பதையே செய்தியாக்கிவிடுகிறார்கள். பரவுவதால் டிவியில் வருகிறது, டிவியில் வந்ததை வெட்டி எடுத்து சானல் முத்திரையோடு மறுபடி அனுப்புகிறார்கள், முத்திரை இருப்பதால் பெரியப்பா நம்புகிறார். அடுத்த வாரம் அதே சானலில் ஒரு விவாதம், தலைப்பு 'செல்போனால் சீரழிகிறதா சமூகம்?' நான்கு பேர் சத்தம் போடுவார்கள். அந்த நான்கு பேரில் நோட்டிஃபிகேஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

செல்போனைப் பிடுங்கு, தடை செய் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அன்று சாயங்காலம் அந்த அம்மாவின் மூச்சு நின்றுவிடாமல் காப்பாற்றியதும் அதே செல்போன்தான். வாட்ஸ்அப்பின் பூட்டை உடைத்துவிட்டால் முதலில் அனுப்பியவனைப் பிடித்துவிடலாம் என்கிறார்கள். 2021 ஐடி விதிகளில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறது, அதை எதிர்த்து வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. யோசித்துப் பார்க்கிறேன். ஜோத்பூரில் அந்த வீடியோவை முதலில் அனுப்பியவர் என்ன பொய் சொன்னார்? அவர் ஜோத்பூர் என்றே சொல்லியிருக்கலாம். நடுவில் யாரோ சேமித்து, திருப்பூர் என்று எழுதிப் புதிதாக அனுப்பியிருக்கிறார். இதற்காக எல்லாருடைய பேச்சையும் திறந்து வைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற மாதிரி.

பையா அந்த ஹோலிக்கு ஊருக்குப் போனார். திரும்பி வருவாரா என்று அப்பாவுக்குக் கவலை. ஏப்ரலில் வந்தார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அவரிடம் ஜனவரி வீடியோவை நான் அனுப்பியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுல இருக்கறவன் ஒருத்தன் எங்க பக்கத்து ரூம்தானுங்களோன்னு நானும் பயந்தனுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினை மிதித்தார்.

வீடியோவை நடுவில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுவது எப்படி என்று அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். அவருக்குக் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புவார், "இது எந்த ஊருங் தம்பி?" என்று கேட்டு. இப்போது நான் கடைசி வருடம், அந்தக் கேள்வி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு வெள்ளக் காட்சி, அவர்கள் ஊர்ப் பாலம் அடித்துப் போய்விட்டதாக. தேடினால் பல வருடம் பழையது, வேறு மாநிலம். பதில் அனுப்பினேன். அவர் என் பதிலை எனக்குத் தெரிந்து ஒருபோதும் ஃபார்வர்டு செய்வதில்லை. மைதிலியில் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்து ஊருக்கு அனுப்புகிறார். ஃபார்வர்டு என்றால் இப்போது அவர் அம்மா திறந்தே பார்ப்பதில்லையாம்.