கரண்ட் வைத்த இடம்

டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் பேஷண்டுகள் எங்களிடம்தான் கேட்பார்கள். ரேடியோதெரபி, அதாவது பேஷண்டுகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிற கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை ஓட்டுகிற டெக்னாலஜிஸ்ட்டுக்கு அது பழகிப்போன விஷயம். கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் படுத்திருக்கிற அம்மாவின் மார்பில் லேசர் கோட்டை மார்க்கோடு பொருத்திக்கொண்டிருக்கும்போது, "ஏம்மா, இந்தக் கரண்டாலயே இன்னொரு கேன்சர் வருமாமே?" என்று மெதுவாக வரும் கேள்வி.

வராது என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அபூர்வமாக வரும். நுரையீரலில் வரலாம், சின்ன வயதில் சிகிச்சை எடுத்தவர்களுக்கு அடுத்த மார்பிலும் வரலாம், பெரும்பாலும் பல வருடம் கழித்து. 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, தொடர்ந்து புகைப்பவர்களுக்கு இதனால் நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 4 சதவீதம், புகைக்காதவர்களுக்கு 0.3 என்று கணக்கிட்டது. நம்மூர்ப் பெண்களில் புகைப்பவர்கள் குறைவு என்பதால் அந்தக் கவலை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு பக்கம், மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு, 10 வருடத்துக்குள் நோய் திரும்புவதைக் கதிர்வீச்சு 35 சதவீதத்திலிருந்து 19 ஆகக் குறைக்கிறது. அதனால் தயங்காமல் படுங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கு உறுத்துவது ஆஞ்சியோசார்கோமா, கரண்ட் வைத்த இடத்தின் ரத்தக்குழாய்களில் பின்னாளில் வரும் ஒரு புற்றுநோய். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும், ஆனால் அது கட்டியாகவே ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை. சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்து ஒரு அம்மா ரிவ்யூவுக்கு வந்தபோது தழும்புக்குப் பக்கத்தில் நாவல்பழச் சாறு பட்டதுபோல ஒரு கறை. கிரைண்டரில் இடித்துக்கொண்டிருப்பேன் என்று அவரே முடிவு செய்து, மாதக்கணக்கில் ஆயின்ட்மென்ட் தடவியிருக்கிறார். பக்கத்து கிளினிக்கிலும் ரத்தக்கட்டு என்றே சொன்னார்களாம். அவர்களையும் குறை சொல்ல முடியாது, மேமோகிராமிலேயே இது பல நேரம் பிடிபடாது, பயாப்சிதான் காட்டிக்கொடுக்கும். பிறகு மார்பை முழுவதும் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நாங்கள் கொடுக்கிற நோட்டீஸில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், வெயில் படாமல் பாருங்கள் என்றெல்லாம் இருக்கிறது, தோலில் நிறம் மாறினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்றார்கள். சரி, அதுவரை கடைசி சிட்டிங் அன்று நானே சொல்லி அனுப்புகிறேன்: பத்து வருடம் ஆனாலும் சரி, அடிபடாமலே அந்த இடம் கன்றிப்போய் ஓரிரு வாரத்தில் மறையாவிட்டால் வந்துவிடுங்கள், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இங்கே கரண்ட் வைத்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.