போன் எத்தனை நொடி அடிக்கணும்?

2019 அக்டோபரில் நம் செல்போன் கம்பெனிகள் போட்ட சண்டை பலருக்கு மறந்திருக்கும். ரிங் எத்தனை நொடி அடிக்க வேண்டும் என்பதுதான் தகராறு. ஜியோவிலிருந்து போகும் அழைப்புகளில் ரிங் நேரம் குறைந்துவிட்டது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் ஏர்டெல் புகார் சொன்னது. அப்புறம் வேறு வழியில்லை என்று தானும் 25 நொடியாகக் குறைத்துக்கொண்டது.

காரணம் ஐயூசி என்ற இணைப்புக் கட்டணம். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பேசினால், கூப்பிடுகிறவரின் கம்பெனி எடுக்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று அப்போது தர வேண்டியிருந்தது. அதை ஏன் அரசு அமைப்பு நிர்ணயிக்க வேண்டும், பல கம்பெனி போட்டி போடும் சந்தைதானே என்று கேட்கலாம். என் அத்தை எந்த கம்பெனி சிம் வைத்திருக்கிறாரோ, அவரைப் பிடிக்க அந்த ஒரு வழிதான். அந்த வழியில் உட்கார்ந்திருப்பவர் கேட்டதுதான் சுங்கம். சந்தையில் பொடியனாக இருக்கும் கம்பெனிகூடத் தன் வாடிக்கையாளர் விஷயத்தில் ஏகபோகம்தான். அதனால்தான் டிராய் விலை வைத்தது: 2009இல் 20 பைசா, 2015இல் 14, 2017 அக்டோபரில் 6.

விலையைக் கட்டிப்போட்டாயிற்று. ரிங்கை யாரும் கட்டிப்போடவில்லை. அன்றைய 6 பைசாவில் கணக்கு போட்டுப் பாருங்கள். நான் கூப்பிட்டு அம்மா எடுத்துப் பத்து நிமிடம் பேசினால், என் கம்பெனி 60 பைசா தர வேண்டும். அம்மா எடுப்பதற்குள் ரிங் நின்று, அவர் திருப்பிக் கூப்பிட்டால், அதே 60 பைசா என் கம்பெனிக்கு வந்து சேரும். கோடிக்கணக்கான அழைப்புகளில் இது சில்லறை விஷயமா என்ன?

எங்கள் வீட்டில் இதை அனுபவித்தது அம்மாதான். போன் ஃபிரிட்ஜ் மேல், அவர் கொல்லையில், மூட்டு வலி வேறு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் நின்றுபோகும். "ஏன்டா, ரெண்டு அடி அடிச்சிட்டு வெச்சிடறே? அவ்ளோ அவசரமா?" என்று திட்டு எனக்கு. கம்பெனிகளின் பைசா கணக்கை அவரிடம் எப்படி விளக்குவது!

அந்த நவம்பரிலேயே டிராய் ரிங்குக்கும் அளவு வைத்தது: மொபைலுக்கு 30 நொடி, லேண்ட்லைனுக்கு 60. எனக்கென்னவோ இது வாலைப் பிடித்த வைத்தியமாகத்தான் பட்டது. பைசா கைமாறுகிறவரை இந்த மாதிரி ஏதாவது ஒன்று கிளம்பிக்கொண்டேதான் இருக்கும். 2020 ஜனவரியில் ஒழிந்திருக்க வேண்டிய ஐயூசி, ஒரு வருடம் தள்ளிப்போய் 2021 ஜனவரி 1 அன்றுதான் பூஜ்யமானது. ரிங்கைச் சுருக்கினால் அதன்பிறகு யாருக்கும் காசு இல்லை.

லேண்ட்லைனுக்கு மட்டும் ஏன் 60? நடந்து வந்து எடுக்க வேண்டுமே என்று யோசித்திருப்பார்கள் போல. மொபைல் என்றால் சட்டைப்பையில் இருக்கும் என்று நினைப்பு. எங்கள் அம்மாவின் புடவைக்குப் பை கிடையாது.